இரண்டு மணிக்கு எழுதிய இருபது

ஒன்பதாம் எண் கட்டிலில் படுத்திருந்த சுந்தரவல்லி அம்மாள் உஷாராணியின் நோயாளி. இதில் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை. செவிலியர் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவியருள் எவள் எந்த நோயாளியைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்பது தட்டச்சில் அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. வீடு புசா ரோட்டுக்குப் பின்புறம். கணவர் அனந்தகிருஷ்ணன் மத்திய அரசில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியாக் காய்ச்சல், பழைய சர்க்கரை நோய், இடக்காலில் வீக்கம். இவையனைத்தும் உஷாராணியின் குறிப்பேட்டில் மூன்று நிற மையால், அடிக்கோடு பிசகாமல், பதிவாகியிருந்தன.

இருந்தும் அந்த அம்மாள் கண் விழித்தவுடன் கேட்கும் முதற்கேள்வி, "செல்வி வந்தாச்சா?" என்பதாகவே இருந்தது.

முதல் நாள் உஷாராணி அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நான்காம் நாள் அக்கேள்வி காதில் விழுந்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஓர் எரிச்சல் கிளம்பித் தொண்டைவரை வந்து நின்றது.

செல்வியிடம் அப்படி என்ன இருந்தது? வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, கண்டோன்மென்டில் ஹவில்தாராக இருக்கும் தந்தையோடு வாழ மூன்றாண்டுக்கு முன்பு தில்லி வந்தவள். கஞ்சியிட்ட தொப்பி அவள் தலையில் ஒருநாளும் நேராக நின்றதில்லை. தேர்வில் ஐம்பதைத் தாண்டினால் அன்று விடுதியில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுப்பாள். அவள் பேசிய இந்தியோ கேட்கவே வேண்டாம், கிழவிகளையெல்லாம் ஆண்பாலில் விளித்து, "தாதிஜி, கஹாங் ஜாதா ஹை?", அதாவது பாட்டி எங்கே போகிறான், என்பாள். கிழவிகள் கோபிக்காமல், விலா நோகச் சிரித்து, அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆர். கே. புரத்தில் பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறி, தமிழும் இந்தியும் ஆங்கிலமும் பிழையறப் பேசும் உஷாராணியின் கன்னத்தை எந்தக் கிழவியும் கிள்ளவில்லை.

இது வெறும் கன்னத்தின் விவகாரமாக இருந்திருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த ஆண்டு, அதாவது 1998ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தில் விளக்கேற்றும் விழா நடக்கவிருந்தது. முதலாண்டு மாணவியர் தொப்பி அணிந்து உறுதிமொழி கூறும் அவ்விழாவில், இரண்டாம் ஆண்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஒரே ஒரு மாணவி பெரிய விளக்கை ஏந்திவந்து, முப்பது பேருடைய மெழுகுவத்திகளையும் ஏற்றி வைப்பாள். அப்படி விளக்கேந்தியவளுக்குப் படிப்பு முடிந்ததும் அதே மருத்துவமனையில் வேலை கிடைப்பது ஏறக்குறைய உறுதி. தேர்வு மதிப்பெண் பாதி. வார்டு சிஸ்டர் தரும் நற்சான்று பாதி. மதிப்பெண்ணில் உஷாராணியை நெருங்க ஆளில்லை. சான்று தர வேண்டிய ஏலியம்மா சிஸ்டரோ, சென்ற வாரம் எல்லோர் முன்னிலையிலும், "நோயாளியோடு எப்படிப் பழக வேண்டும் என்று செல்வியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டார்.

வீட்டிலோ விளக்கு அவள் கைக்கு வந்துவிட்டதாகவே பேச்சு. ஞாயிறன்று விடுதிக்கு வந்த தாயார் தூக்குப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "ஏட்டி, உன்னை விட்டா வேற யாருட்டி இருக்கா? அப்பா ஆபீஸ்ல அத்தனை பேருகிட்டயும் சொல்லியாச்சு" என்றாள். தந்தை பரமசிவம் இன்னும் ஒருபடி மேலே போய், விழா முடிந்ததும் சாணக்யபுரித் தமிழ்நாடு இல்லத்தில் தம் மேலதிகாரிக்கும் குடும்பத்துக்கும் மதிய உணவு என்று பேசி முடித்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல உஷாராணிக்கு வாய் வரவில்லை. வேண்டும் என்பதுதானே அவள் ஆசையும்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இருவருக்கும் பிற்பகல் முறை. செல்விக்கு முதல் ஆறு கட்டில்கள், உஷாராணிக்கு ஏழு முதல் பன்னிரண்டு வரை. ஒன்றேகால் மணியளவில் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்ந்த உஷாராணி ஒரு காட்சியைக் கண்டாள். சுந்தரவல்லி அம்மாள் கால்களைத் தொங்கவிட்டுக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருந்தார். சலைன் ஏறும் கையைத் தலையணைமேல் வைத்துவிட்டு, பின்னால் நின்று, செல்வி அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

உஷாராணி எழுந்து சென்றாள். "ஒன்பது என்னோட கட்டில்" என்றாள்.

"தெரியுமே" என்றாள் செல்வி, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு சிக்கெடுத்தபடி. "தலை சடை புடிச்சிப் போச்சி, பாவம். நாலு நாளாச்சாம் சீப்பு வச்சி. நீ எழுதிகினு இருந்தியா, தொந்தரவு பண்ண வேணாமேன்னு..."

"அச்சா! அப்ப என் கேஸ் ஸ்டடியில தலை வாரினதுன்னு ஒரு பக்கம் சேர்த்துருதேன். கீழ உன் பேரையும் போட்டுரட்டுமா?"

"ஐய, பேரெல்லாம் இன்னாத்துக்கு? உங்க வூட்லேர்ந்து கொஞ்சம் தேங்கா எண்ணெ மட்டும் வாங்கியாந்து குடு. இங்க எவனைக் கேட்டாலும் கடுகெண்ணெயத் தூக்கி நீட்றான்."

குத்திப் பேசியதுகூடச் செல்விக்கு உறைக்கவில்லை. அம்மாள் வேறு, "ஏண்டிம்மா, கடுகெண்ணெயைத் தடவிண்டு போனா எங்காத்து மாமா என்னைச் சமோசான்னு நெனச்சுப்பார்" என்று சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தன் நோயாளி தன்னிடம் ஒருமுறைகூட இவ்வாறு வேடிக்கை பேசியதில்லை என்பதை உஷாராணி மனத்தில் குறித்துக்கொண்டாள். அதற்கு எந்த நிற மையும் தேவைப்படவில்லை.

இரண்டு மணிக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு ஆகிய மூன்றையும் அளந்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். இவற்றுள் மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மனிதருக்கு மூச்சின் போக்கே மாறிவிடும். ஆதலால் நாடியை எண்ணி முடித்த பின்பும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் மார்பையும் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் ஓசையின்றி எண்ண வேண்டும். பேசும் நோயாளியாக இருந்தால் பேச்சு ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்கார மாணவியர் இந்த ஒரு நிமிடத்தை விழுங்கிவிட்டு 'இருபது' என்று எழுதிவிடுவதுண்டு. எவர் கண்ணையும் உறுத்தாத எண் அது. உஷாராணி அதுவரை அப்படி எழுதியவள் அல்லள். எழுதுபவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசியவள்.

அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி முடித்தாள். மூச்சை எண்ணத் தொடங்கும்போது அம்மாள் வாயைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு... எங்கே போனா? ... கை பட்டாலே... தெரியல்லே... அத்தனை... பதம்..."

ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே ஒரு நிறுத்தம். ஏக்கப் பெருமூச்சு என்று உஷாராணி எண்ணிக்கொண்டாள். தாயைப் பிரிந்த குழந்தைபோல இப்படி ஏங்குவதற்குச் செல்வி என்ன செய்துவிட்டாள்? தலை வாரினாள். மருந்து கொடுப்பது யார்? படுக்கையை மாற்றுவது யார்? அந்தக் கையை அவள் போர்வையின்மேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே பொருந்தும். அட்டையை எடுத்து, மூச்சு என்ற கட்டத்தில் 'இருபது' என்று எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த கட்டிலுக்கு நடந்தாள்.

நான்கு மணி ஆயிற்று. மேசையருகே அமர்ந்து ஆய்வேட்டுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தவளின் தோளை யாரோ தொட்டார்கள். செல்வி.

"உஷா, ஒன்பதுக்கு மூச்சு ரொம்ப வாங்குது."

"இப்ப என் பேஷன்ட்டுக்கு மூச்சும் நீயே எண்ணியாச்சா? உனக்கு ஆறு கட்டில் போதலையோ?"

"திட்டணும்னா அப்புறமா திட்டிக்கோ. ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன். முப்பத்தி நாலு. ஜல்தி வா."

முப்பத்து நான்கு என்ற எண் உஷாராணியைத் தானாகவே எழுப்பியது. சென்று பார்த்தாள். அம்மாளின் மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது; உதடு வெளுத்திருந்தது. அவள் பிராணவாயுக் குழாயைப் பொருத்துவதற்குள் செல்வி ஓடிப்போய் ஏலியம்மா சிஸ்டரையும், பணியிலிருந்த இளம் மருத்துவர் தீட்சித்தையும் அழைத்து வந்துவிட்டாள்.

மருத்துவர் மார்பில் குழலை வைத்துப் பார்த்தார். நிமோனியாவின் இரைச்சல் முன்பே இருந்ததால் அதைக் கொண்டு புதிதாக ஒன்றும் முடிவு செய்ய இயலவில்லை. உடனே அட்டையை எடுத்தார்.

"பன்னிரண்டு மணிக்கு இருபது. இரண்டு மணிக்கும் இருபது. இப்போது முப்பத்து நான்கு. அப்படியானால் இது திடீரென்று வந்தது." அவர் பார்வை வீங்கிய இடக்காலுக்குச் சென்றது. "காலில் இரத்தம் கட்டியிருந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்க வேண்டும். இவரை யாராவது எழுப்பி உட்கார வைத்தீர்களா?"

ஏலியம்மா சிஸ்டர் திரும்பினார்.

"நான்தான், சிஸ்டர். தலை வாரிவிட உட்கார வைத்தேன்" என்றாள் செல்வி.

"யாரிடம் கேட்டாய் மோளே? கால் வீங்கிய நோயாளியை?" சிஸ்டரின் குரல் உயரவில்லை; தாழ்ந்தது. அது அவர் எழுத்துமூலம் புகார் அனுப்பப்போகும் குரல் என்பதை மாணவியர் அனைவரும் அறிவர்.

உஷாராணியின் உள்ளத்தில் எங்கோ ஒரு மூலையில் கைதட்டும் ஓசை கேட்டது. பொய்யாக மறைப்பானேன்? கேட்டது. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எவர்மீதும் பழி சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். விளக்கு தானாக நடந்து அவள் கைக்கு வந்துவிடும். சாணக்யபுரிச் சாப்பாடும் நடக்கும். அந்த மகிழ்ச்சியின் நடுவிலேயே இன்னொன்றும் அவளைச் சுட்டது. எத்தனை எளிதாக 'நான்தான்' என்று சொல்லிவிட்டாள்! தொப்பி கோணியிருக்க, கண்ணில் நீர் முட்டி நிற்க, ஒரு நொடியும் யோசிக்காமல். அந்தச் சொல்லும் அவளுக்கே வாய்த்ததா என்று உஷாராணிக்குப் பொறாமையாக இருந்தது.

"ஹெப்பாரின் ஊசி எடுங்கள், சிஸ்டர். இரத்தக் கட்டிக்கு அதுதான். சலைனை நிறுத்த வேண்டாம்; வேகத்தைக் கூட்டுங்கள்" என்றார் மருத்துவர். சிஸ்டர் மருந்தலமாரியை நோக்கி நடந்தார்.

அப்போது சுந்தரவல்லி அம்மாளின் கை எதையோ தேடித் துழாவி, அருகில் நின்ற உஷாராணியின் மணிக்கட்டைப் பற்றியது. நான்கு நாளில் முதன்முறையாக அவர் அவளைத் தேடிப் பிடித்தார். பிடித்தும் சொன்னது என்ன?

"அந்தப் பொண்ணை... வையாதேங்கோ... பாவம்... அது..."

அந்த நிறுத்தங்கள்! இரண்டு மணிக்குக் கேட்டவை அவையே. சொல்லுக்குச் சொல் அதே இடைவெளி, அதே இழுப்பு. ஏக்கமில்லை, பெருமூச்சுமில்லை. மூச்சுப் போதாமல் சொற்கள் அறுந்திருக்கின்றன. அப்போதே அறுந்திருக்கின்றன. அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் இருபது என்று எழுதினாள். இப்போது அந்த இருபதை நம்பித்தான் மருத்துவர் திடீரென்று வந்தது என்கிறார். அந்த இருபதை நம்பித்தான் ஊசி வரப்போகிறது.

சிஸ்டர் அலமாரியைத் திறக்கும் ஓசை கேட்டது. அம்மாளின் பிடி இறுகியது.

"டாக்டர் சாப்" என்றாள். தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவள் நினைக்கவில்லை. "இரண்டு மணிக்கு எழுதியிருப்பது பொய். நான் எண்ணவில்லை."

மருத்துவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எண்ணவில்லை என்றால்?"

"எண்ணாமல் இருபது என்று எழுதினேன். அப்போதே இவரால் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச முடியவில்லை. நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். திடீரென்று வந்ததில்லை, டாக்டர். மத்தியானத்திலிருந்தே சிறிது சிறிதாக ஏறியிருக்கிறது."

சிஸ்டர் கையில் மருந்துப் புட்டியோடு நின்றுவிட்டார். மருத்துவர் அட்டையைக் கட்டிலின்மேல் எறிந்தார். அம்மாளின் கழுத்து நரம்புகளைப் பார்த்தார். வீங்கிய காலை விட்டு, நன்றாக இருந்த வலக்காலின் கணுக்காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. நேற்றிலிருந்து எத்தனை சலைன் புட்டிகள் இறங்கின என்று கேட்டார். முதுகுப் புறம் மீண்டும் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"ஊசி வேண்டாம், சிஸ்டர். சலைனை நிறுத்துங்கள். இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. சிறுநீர் பிரியும் மருந்தைக் கொண்டு வாருங்கள். இவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். கால்கள் கீழே தொங்கட்டும்."

ஒன்றேகால் மணிக்குச் செல்வி உட்கார வைத்திருந்த அதே நிலை. அதை மாற்றாமல் விட்டிருந்தாலே அம்மாளுக்கு எளிதாக இருந்திருக்கும். மாணவியர் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை எழுப்பி உட்கார வைத்தனர். எவளும் மற்றவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு மூச்சு இருபத்தெட்டுக்கு இறங்கியது. ஏழு மணிக்கு இருபத்தாறு. ஏலியம்மா சிஸ்டர் உஷாராணியை அழைத்து ஒரு சிவப்புப் பேனாவை நீட்டினார். அழித்து எழுதக் கூடாது, மேலெழுதவும் கூடாது. பிழையான எண்மேல் ஒரே ஒரு கோடு, அடியிலுள்ளது எவருக்கும் தெரியும்படி இழுத்து, பக்கத்தில் 'எண்ணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதுதான் முறை. அவள் அந்தக் கோட்டை இழுத்தாள். அதுவரை அவள் எழுதிய அட்டைகளில் அதுவே முதல் சிவப்பு.

"நாளை காலை பள்ளி அலுவலகத்துக்கு வா" என்றார் சிஸ்டர்.

விடுதிக்கு நடக்கும்போது செல்வி பின்னாலேயே வந்தாள்.

"உஷா, நானா இருந்தா சொல்லியிருப்பனான்னு தெரியல" என்றாள் செல்வி. "அம்மாம் பேரு முன்னாடி."

உஷாராணிக்குச் சினம் மூண்டது. "நீ சொல்லாம இருப்பியா? நீதான் கேக்கதுக்கு முந்தியே நான்தான் நான்தான்னு நிக்கியே!"

"அது தலை வாரினது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், சொல்லிட்டேன். இது உன்னத் தவிர யாருக்கும் தெரியாதே."

இந்தச் சொல்லும் நல்ல சொல்லாகவே இருந்தது. தனக்கு ஆறுதல் சொல்வதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று உஷாராணிக்குத் தோன்றியது. அவள் வேகமாக நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில், அளவெடுக்காமல் பதிவு செய்தமைக்காக உஷாராணிக்கு எழுத்துமூலக் கண்டனம். செல்விக்கு, அனுமதியின்றி நோயாளியை எழுப்பியமைக்காக எச்சரிக்கை. மற்றொன்றில், விளக்கேந்தும் மாணவி: செல்வி. உஷாராணி இரண்டாம் தாளை மூன்று முறை படித்தாள். அடிக்கோடு சற்றுக் கோணலாக இருந்ததைக் கவனித்தாள். பிறகு வாசலிலிருந்த பொதுத் தொலைபேசிக்குச் சென்று வீட்டுக்குப் பேசினாள்.

"யாருட்டி அந்த வேலூர்க்காரி? சிபாரிசா?" என்று தாயார் கொதித்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வீடு முழுவதும் அவள் பக்கம் நின்றிருக்கும்.

"இல்லம்மா. நான் ஒரு பேஷன்ட்டுக்குப் பொய்யா எழுதிட்டேன். அப்பாகிட்ட சாணக்யபுரிச் சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லச் சொல்லு." அவள் இன்னொரு ரூபாய் நாணயத்தைப் போட்டாள். "வாரப்போ ஒரு சின்ன பாட்டில்ல தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, இரண்டு மணி. அட்டையும் கடிகாரமுமாக உஷாராணி ஒன்பதாம் எண் கட்டிலருகே நின்றாள். மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். பிடியை விடாமல் மார்பைப் பார்க்கத் தொடங்கினாள். ஏழு வரை எண்ணியிருப்பாள்.

"ஏண்டிம்மா, செல்வி இன்னிக்கு வரல்லையோ?" என்று கேட்டார் சுந்தரவல்லி அம்மாள். முழு வாக்கியமும் ஒரே மூச்சில், அறுபடாமல் வந்தது.

அடிவயிற்றில் எரிச்சல் கிளம்பியது. எங்கும் போய்விடவில்லை, பழைய இடத்திலேயே இருந்தது. உஷாராணி பேச்சு ஓயும்வரை காத்திருந்து, எண்ணியதை விட்டுவிட்டு, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். முள் முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. இருபத்திரண்டு. எழுதிக் கையொப்பமிட்ட பிறகே வாய் திறந்தாள்.

"மூணு மணிக்கு வருவா மாமி. விளக்குப் பிடிக்க ஒத்திகை நடக்குது."

"அடடா, அவளுக்கா? பேஷ், பேஷ்!"

உஷாராணி அலமாரிக்குச் சென்று எண்ணெய்ப் புட்டியையும் சீப்பையும் எடுத்து வந்தாள். உட்கார வைக்கலாமா என்று ஏலியம்மா சிஸ்டரிடம் காலையிலேயே கேட்டு, அனுமதியைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தாள். மூன்று மணிக்குள், செல்வி வந்து சேர்வதற்குள், முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கையில் இருந்தது. எண்ணெயைத் தடவி, சிக்கு விழுந்த இடத்தில் சீப்பை வைத்து இழுத்தாள்.

"ஸ்ஸ்... செல்வி இத்தனை அழுத்தி வாரமாட்டாளே" என்றார் அம்மாள்.

உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியின் வேர்ப்பக்கத்தை இடக்கையால் இறுகப் பிடித்து, இழுப்பு தலையில் உறைக்காதபடி, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.